நோயில் நாய் இறந்த வீட்டுக்குப் புதுக் குட்டி... எப்போது கொண்டு வரலாம்?

ஆட்டுப்பட்டிக்குக் காவலாக இருந்த நாய் நோயில் போய்விட்டது. இரவானால் நரியும் தெருநாயும் பட்டியைச் சுற்றுகின்றன. ‘வீடே வெறிச்சோடிக் கிடக்கு, இன்னொரு குட்டி வாங்கியாங்கப்பா’ என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். பக்கத்து ஊரில் நல்ல குட்டி இருப்பதாகத் தகவலும் வருகிறது. ஒரு வாரத்துக்குள் புதுக் குட்டி வந்துவிடுகிறது. செத்துப்போன நாய் படுத்த சாக்கிலேயே அதுவும் படுக்கிறது. அதே தட்டில் சோறு தின்கிறது. பத்தே நாளில் அந்தக் குட்டியும் சுருண்டு விழுகிறது. ‘நமக்கு நாய் ராசி கிடையாது’ என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. முதல் நாயைக் கொன்ற கிருமி கொட்டிலிலும் மண்ணிலும் அப்படியே இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் ‘எத்தனை நாள் கழித்துக் குட்டி வாங்கலாம்?’ என்ற கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ‘முதல் நாய் எந்த நோயில் இறந்தது?’ என்ற கேள்விக்கு விடை தெரிந்தால்தான் நாள் கணக்கைச் சொல்ல முடியும். சில நோய்க்கு ஒரு மாதம் போதும். சில நோய்க்கு ஓராண்டு ஆகும். சிலவற்றில் நாள் கணக்கே கிடையாது, செய்ய வேண்டிய வேலைதான் கணக்கு.

முதல் வேலை: என்ன நோய் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாய்க்கு வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவரிடமே கேட்டு, நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வைத்தியம் பார்க்காமலே இறந்திருந்தால், கடைசி நாட்களில் என்னென்ன அறிகுறிகள் தெரிந்தன என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள். ரத்தமாகக் கழிந்ததா, கண்ணில் பீளையும் மூக்கில் சளியும் வந்ததா, வலிப்பு வந்ததா, வாயில் எச்சில் ஒழுகியதா, சிறுநீர் மஞ்சளாகப் போனதா, உடம்பெல்லாம் உண்ணி இருந்ததா என்பதை வைத்தே அனுபவமுள்ள மருத்துவர் பெரும்பாலும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்.

இறந்த உடனே என்றால் பிரேதப் பரிசோதனை செய்து காரணத்தைக் கண்டறிய வாய்ப்பு உண்டு. அருகில் இருக்கும் கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள். சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவர்கள் அங்கும் கேட்கலாம். ஒன்றுக்கு மேல் நாய் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும்.

உடலை வாய்க்காலிலோ புதரிலோ வீசக் கூடாது. கிணறு, குளம், வாய்க்காலிலிருந்து தள்ளி, குறைந்தது 5 அடி ஆழத்தில் குழி எடுத்துப் புதையுங்கள். மேலே சுண்ணாம்புத் தூள் போட்டு மண்ணை நன்றாக மூடி, கல்லோ முள்ளோ வைத்துவிட்டால் மற்ற நாய்கள் தோண்டாது. கையில் உறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டுதான் உடலைத் தொட வேண்டும்.

இனி, நோய்வாரியாகப் பார்ப்போம்.

பார்வோ: மண்ணிலேயே தங்கும் கிருமி

குட்டிகளை அதிகமாகக் காவு வாங்குவது பார்வோ வைரஸ்தான். 1978-ம் ஆண்டு வாக்கில் உலகின் பல நாடுகளில் ஒரே சமயத்தில் தலைகாட்டிய நோய் இது. 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. பெரும்பாலும் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளைத் தாக்கும். முதலில் குட்டி சோறு தின்னாமல் சோர்ந்து படுக்கும். பிறகு வாந்தி. அதன் பின் குடலைப் பிடுங்கும் நாற்றத்துடன் ரத்தக் கழிச்சல். உடம்பில் உள்ள நீர்ச்சத்து முழுக்க வெளியேறி, இரண்டு மூன்று நாளிலேயே இறந்துவிடும். உடனே தூக்கிக்கொண்டு போய்க் குளுக்கோஸ் ஏற்றினால் பல குட்டிகளைக் காப்பாற்றிவிடலாம். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று விட்டதில் போனவைதான் அதிகம்.

நோயுற்ற நாயின் சாணத்தில் இந்த வைரஸ் கோடிக்கணக்கில் வெளியேறும். வெளியே வந்த பிறகும் எளிதில் சாகாது. வீட்டுக்குள் ஒரு மாதத்துக்குக் குறையாமல் இருக்கும். திறந்த வெளி மண்ணில் நல்ல வெயில் படும் இடமாக இருந்தால் சுமார் ஐந்து மாதமும், மரநிழல், தொழுவ ஓரம் போன்ற இடமாக இருந்தால் சுமார் ஏழு மாதமும் உயிர்ப்புடன் இருக்கக்கூடும். சூழல் வாய்த்தால் ஓராண்டு வரைகூட இருக்கும். செருப்பு, டயர், சங்கிலி, கழுத்துப்பட்டை, ஈ என்று எதில் ஒட்டிக்கொண்டும் பயணம் செய்யும். ‘என் குட்டி வெளியே போகவே இல்லையே, எப்படி வந்தது?’ என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். வீட்டுக்காரர் செருப்பில்தான் வந்திருக்கும்.

பார்வோ இருந்த இடத்தில் புதுக் குட்டி வளர்க்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, காத்திருப்பது. மண் தரை உள்ள தோட்டம், தொழுவம் என்றால் ஓராண்டு காத்திருப்பது பாதுகாப்பு.

இரண்டாவது வழி, தடுப்பூசித் தவணை முழுவதும் முடிந்த குட்டியையோ, ஆண்டுதோறும் தடுப்பூசி போட்ட வளர்ந்த நாயையோ கொண்டு வருவது. இப்படிச் செய்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. கொட்டிலைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு மாத இடைவெளிவிட்டுக் கொண்டு வரலாம். பட்டிக்கு உடனடியாகக் காவல் வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் ஏற்றது. அம்மாவிடமிருந்து பிரித்த 45 நாள் குட்டியை மட்டும் அந்த மண்ணில் இறக்கிவிடாதீர்கள்.

பினாயில் ஊற்றினால் போதுமா?

போதாது. பினாயிலும், டெட்டால் போன்ற கிருமிநாசினிகளும் பார்வோ வைரஸைக் கொல்லும் என்று நம்ப முடியாது. பினாயில் நாய், பூனைகளுக்கே கேடு செய்யும். இங்கே கைகொடுப்பது பிளீச்சிங் பவுடர்தான்.

முதலில் சாணம், முடி, பழைய சாக்கு, துணி எல்லாவற்றையும் கூட்டி அள்ளி எரித்துவிடுங்கள். அழுக்கு இருக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடர் வேலை செய்யாது. ஆகவே, சோப்புத்தூள் கரைத்த தண்ணீரால் தரையையும் சுவரின் கீழ்ப்பகுதியையும் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு, 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 60 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் என்ற அளவில் கரைத்துத் தரை முழுவதும் நனையும்படி ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் ஈரமாகவே விட்டுவிட்டுக் கழுவுங்கள். திரவமாக விற்கும் 4 சதவிகித பிளீச் என்றால், 10 லிட்டருக்கு அரை லிட்டர் கணக்கு. வாரம் ஒருமுறை என மூன்று நான்கு முறை இப்படிச் செய்யலாம். தட்டு, சங்கிலி, இரும்புக் கூண்டு ஆகியவற்றையும் இதே கரைசலில் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவையுங்கள். மண்சட்டி, கயிறு, மரப்பலகை போன்றவற்றைக் கழித்துவிடுவதே நல்லது.

பிரித்து வைத்து மாதக்கணக்கான பிளீச்சிங் பவுடரில் வீரியம் இருக்காது. அதனால் புதிய பொட்டலமாக வாங்குங்கள். பினாயில், ஆசிட் எதையும் இதனுடன் கலக்கக் கூடாது. மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காற்றோட்டமாக வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். ஆடு, மாடு, கோழிகளை அப்புறப்படுத்திவிட்டுச் செய்யுங்கள்.

சிமென்ட் தரைக்குத்தான் இது பொருந்தும். மண் தரையில் ஊற்றினால், மண்ணிலுள்ள மக்கிய பொருள்களே மருந்தின் வீரியத்தை முறித்துவிடும். அங்கே வெயிலும் காலமும்தான் மருந்து. நாய் கட்டியிருந்த இடத்தின் மேல்மண்ணை ஒரு சாண் ஆழம் வெட்டி எடுத்து, நாய்கள் நடமாடாத இடத்தில் குழியில் போட்டு மூடுங்கள். மேலே நிழல் விழும் கிளைகளைக் கழித்து வெயில் விழச் செய்யுங்கள். புதுக் குட்டியை அந்த இடத்தில் கட்டாமல் தோட்டத்தின் வேறு பக்கத்தில் கட்டுங்கள்.

தடுப்பூசி போட்டும் குட்டி ஏன் இறக்கிறது?

‘ஊசி போட்டேன், அப்படியும் பார்வோ வந்துவிட்டது’ என்ற குறையைப் பலர் சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலில் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்துசேர்கிறது. கன்றுக்குச் சீம்பால் எப்படியோ அப்படித்தான் இதுவும். அந்தச் சக்தி குட்டியைக் காக்கும். அதேசமயம், தடுப்பூசி மருந்தையும் வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும். வாரங்கள் செல்லச் செல்ல தாய் தந்த சக்தி கரையும். ஒரு குட்டிக்கு எட்டு வாரத்தில் தீரும். இன்னொரு குட்டிக்கு 14, 15 வாரம்கூட ஆகும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிலேயே இது மாறும். வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அதனால்தான் ஒரே ஊசியோடு நிறுத்தாமல் தவணை தவணையாகப் போடுகிறார்கள். 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி. பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை. கடைசித் தவணை 16 வாரம் ஆன பிறகு விழ வேண்டும். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் கழிந்தால்தான் குட்டி பாதுகாப்பான நிலைக்கு வரும். வெறிநோய்த் தடுப்பூசி 12 வாரத்தில் தனியாகப் போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசியும், ஆண்டுதோறும் ஒரு ஊசியும் போட வேண்டும்.

ஆக, ‘தடுப்பூசி போட்ட குட்டி’ என்று விற்பவர் சொன்னால், ‘எத்தனை தவணை, எந்தெந்தத் தேதியில்?’ என்று கேளுங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்தின் வில்லையும் மருத்துவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். ஒரு தவணை மட்டும் போட்ட குட்டி, பார்வோ இருந்த வீட்டுக்கு ஊசியே போடாத குட்டி மாதிரிதான்.

மற்றொன்று, மருந்துக்கடையில் ஊசி மருந்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெயிலில் பைக் ஓட்டி வருவது. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். சூடு பட்டால் அது வெறும் தண்ணீர்தான். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டு வாருங்கள். அதைவிட, குட்டியை மருத்துவமனைக்கே தூக்கிச் செல்வது நல்லது.

டிஸ்டம்பர்: இடத்தைவிட மற்ற நாய்கள்தான் ஆபத்து

கண்ணில் பீளை, மூக்கில் சளி, காய்ச்சல், இருமல் என்று ஆரம்பிக்கும். சில வாரத்தில் வலிப்பு வரும், கால் துடிக்கும், தாடை வெட்டி வெட்டி இழுக்கும். சில நாய்களுக்குப் பாதத்தின் அடிப்பகுதி கெட்டிப்படும். இதுதான் டிஸ்டம்பர். பார்வோ அளவுக்கு இந்தக் கிருமி முரடு கிடையாது. நம் ஊர் வெயிலில் சீக்கிரமே செத்துவிடும். சோப்புத் தண்ணீரும் சாதாரணக் கிருமிநாசினியும் போதும். கொட்டிலைக் கழுவிக் காயவைத்து, ஒரு மாதம் கழித்துக் குட்டி கொண்டு வரலாம்.

ஆனால், அதே வீட்டில் வேறு நாய் இருந்தால் கணக்கு மாறும். நோய் வந்து பிழைத்த நாய், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மூன்று நான்கு மாதம் வரை கிருமியை வெளியேற்றக்கூடும். மூச்சுக்காற்று, சளி மூலமாக அது பரவும். அப்படி ஒரு நாய் இருந்தால் நான்கு மாதம் கழித்தே புதுக் குட்டி கொண்டு வாருங்கள். அதுவும் தடுப்பூசித் தவணை முடிந்ததாக இருக்கட்டும். நரிகளுக்கும் இந்த நோய் வரும். மலையடிவாரத் தோட்டக்காரர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வெறிநோய்: நாய்க்கு முன்னால் மனிதர்களைப் பாருங்கள்

ரேபிஸ் எனப்படும் வெறிநோயில் நாய் இறந்திருந்தாலோ, அப்படிச் சந்தேகம் இருந்தாலோ, புதுக் குட்டியைப் பற்றிய பேச்சை ஒத்திவையுங்கள். அந்த நாய் கடித்தவர்கள், பிறாண்டியவர்கள், காயத்திலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டவர்கள் யார் யார் என்று பட்டியல் போடுங்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஊசி போட வேண்டும். கடித்துச் சில நாள் ஆகிவிட்டது என்றாலும் போக வேண்டும். நோய் அறிகுறி தெரிந்த பிறகு இதற்கு வைத்தியம் இல்லை.

வெறிநோய் என்றால் எல்லா நாயும் ஓடி ஓடிக் கடிக்கும் என்று நினைக்காதீர்கள். சில நாய்கள் இருட்டு மூலையில் பதுங்கிக் கிடக்கும். தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் தவிக்கும். ‘தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கும்’ என்று வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. மாட்டுக்கும் இப்படிச் செய்வார்கள். உயிருக்கே உலை வைக்கும் வேலை இது. குரல் மாறி, விழுங்க முடியாமல், எச்சில் ஒழுகும் எந்தக் கால்நடையின் வாயிலும் கையை விடாதீர்கள்.

ஆடு, மாட்டைக் கடித்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் சொல்லி உடனே ஊசி தொடங்க வேண்டும். கடிபட்ட நாள் தொடங்கி 0, 3, 7, 14, 28 என்ற நாள்களில் ஊசி போடுவது வழக்கம்.

கிருமி விஷயத்துக்கு வந்தால், வெறிநோய் வைரஸ் வெளியே நிலைக்காது. எச்சில் காய்ந்து வெயில் பட்டால் இறந்துவிடும். கொட்டிலைச் சோப்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுக் கழுவினால் போதும். ஆனால், அந்த நாயோடு பழகிய மற்ற நாய், பூனை இருந்தால், கிருமி அவற்றின் உடம்பில் பல வாரம், சில மாதம்கூட வெளியே தெரியாமல் இருக்கும். அவற்றுக்கு ஊசி போட்டு, தனியாகக் கட்டி, ஆறு மாதம் கவனித்த பிறகே புதுக் குட்டியைச் சேர்க்க வேண்டும். வேறு நாய், பூனை எதுவும் இல்லாத வீடு என்றால் ஒரு மாதத்தில் கொண்டு வரலாம்.

எலிக்காய்ச்சல்: ஈரமும் எலியும் போக வேண்டும்

காய்ச்சல், வாந்தி, கண்ணும் ஈறும் மஞ்சள் பூப்பது, சிறுநீர் அடர்நிறத்தில் போவது என்று இருந்தால், எலிக்காய்ச்சல் என்கிற லெப்டோஸ்பைரோசிஸாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வருகிறது. இது மனிதர்களுக்கும் வரும். மாட்டுக்கு வந்தால் சினை கலையும். சேற்றில் இறங்கி வேலை செய்பவர்களுக்குக் காய்ச்சல் வந்தால், வீட்டில் நாய் இப்படி இறந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்தக் கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட இருக்கும். காய்ந்தால் செத்துவிடும். ஆகவே, இங்கே நாள் கணக்கைவிட வேலைக் கணக்குதான் முக்கியம். கொட்டிலைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுங்கள். எலி வளைகளை அடையுங்கள். தீவனத்தை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். நாய்த் தட்டில் இரவு மிச்சச்சோறு கிடக்கக் கூடாது. இவை முடிந்து, தரை காய்ந்த நிலையில் ஒரு மாதம் கழிந்தால் குட்டி வரலாம். மழைக்காலம் என்றால் அது முடியும்வரை பொறுங்கள். நாய்களுக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசிகள் பலவற்றில் இதற்கான மருந்தும் சேர்ந்தே இருக்கும், கேட்டுப் போடுங்கள்.

உண்ணிக் காய்ச்சல்: சுவர் வெடிப்பைப் பாருங்கள்

ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்து, நாய் மெலிந்து இறந்தால் உண்ணி பரப்பும் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு நம்மிடம் தடுப்பூசி கிடையாது. நாய் உடம்பில் ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி, கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாயே இல்லாமல் வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். ‘நாய் செத்து ஆறு மாதம் ஆச்சே, உண்ணியும் செத்திருக்கும்’ என்ற கணக்கு தப்பாகிவிடும்.

சுவர் வெடிப்பு, கூரைச் சந்து, கதவு நிலை இடுக்கு ஆகியவற்றைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். கால்நடை மருத்துவர் பரிந்துரைக்கும் உண்ணி மருந்தை அவர் சொல்லும் அளவில் சுவரிலும் தரையிலும் தெளித்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி தெளியுங்கள். முட்டையிலிருந்து புதிதாக வந்த உண்ணிகள் அதில்தான் சாகும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாங்கிவைத்த உண்ணி மருந்தை நீங்களாகவே அளவு குறைத்துக் குட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் இறந்த குட்டிகள் உண்டு.

எந்தக் குட்டியை, எங்கே வாங்குவது?

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என எந்த இனமாக இருந்தாலும், நாட்டுக்குட்டியாக இருந்தாலும், எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்ததை வாங்காதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளே சொல்கின்றன. பல இடத்துக் குட்டிகளை ஒரே கூண்டில் அடைத்து விற்கும் சந்தையைத் தவிர்த்து, தாயைக் கண்ணால் பார்த்து வாங்கக்கூடிய வீட்டில் வாங்குங்கள்.

தாய்க்கு ஊசி போட்டிருக்கிறார்களா, குட்டிக்கு இரண்டு வார வயது முதல் குடற்புழு நீக்க மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பார்வோ இருந்த வீட்டுக்காரர்கள் விற்பவரிடமே ஒரு வேண்டுகோள் வைக்கலாம். ‘குட்டியைப் பிடித்து வைத்துவிடுகிறேன். நான்கரை மாதம் வரை உங்களிடமே இருக்கட்டும். தீனிச் செலவும் ஊசிச் செலவும் என்னுடையது’ என்று பேசினால் பலரும் ஒத்துக்கொள்வார்கள். அவர் வீட்டில் இடம் இல்லை என்றால், நாயே வளர்க்காத சொந்தக்காரர் வீட்டில் விட்டு வளர்க்கலாம். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து, கையால் சோறு வைத்துப் பழக்கினால் குட்டிக்கு உங்கள் வாசனை பிடிபடும். போகும்போது தோட்டத்துச் செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

வருத்தமும் ஒரு கணக்குதான்

பத்து வருஷம் கூடவே இருந்த நாய் போனால், இரண்டு நாள் சோறு இறங்காதுதான். ‘ஒரு நாய்க்காகவா அழுறே?’ என்று பிள்ளைகளை அதட்டாதீர்கள். புதுக் குட்டி வந்தால் மறந்துவிடுவார்கள் என்று அவசரப்பட்டுக் கொண்டுவந்து, அதுவும் இறந்தால், பிள்ளைகளுக்கு இரண்டு சாவு. இடைப்பட்ட மாதங்களில் கொட்டில் கழுவுவது, புது இடம் தயார் செய்வது, ஊசித் தேதியை நாள்காட்டியில் குறிப்பது என்று பிள்ளைகளையும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட வளர்ந்த நாய் இருந்தால், அதுவும் சில நாள் சாப்பிடாமல் வாசலையே பார்த்துப் படுத்திருக்கும். தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால் வருத்தம் என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அதே நோய் அதற்கும் தொற்றியிருக்கலாம்.

காவலுக்கு இடைக்காலத்தில் பட்டியைச் சுற்றி வலையை உயர்த்துவது, விளக்குப் போடுவது, ஆடுகளை இரவில் வீட்டருகே அடைப்பது ஆகியவற்றைச் செய்து சமாளிக்கலாம்.

வாசகர் கேள்விகள்

பார்வோவில் நாய் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. 50 நாள் குட்டி ஒன்றை இலவசமாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

இப்போது வேண்டாம். குட்டியை இருக்கும் இடத்திலேயே விட்டு, ஊசித் தவணைகளை முடித்து, நான்கரை மாதம் ஆனதும் கொண்டு வாருங்கள். இலவசக் குட்டிக்கும் பார்வோ வைத்தியச் செலவு அதேதான்.

குட்டி வாங்கி வந்த மறுநாளே ரத்தமாகக் கழிந்தது. எங்கள் இடத்தில்தான் நோய் ஒட்டியதா?

பார்வோ தொற்றி அறிகுறி தெரியப் பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும். மறுநாளே கழிந்தால், வரும்போதே நோயுடன் வந்திருக்கிறது என்றுதான் பொருள். விற்றவருக்குச் சொல்லுங்கள், மற்ற குட்டிகளையாவது காப்பாற்றலாம். உங்கள் இடத்திலும் இப்போது கிருமி விழுந்துவிட்டது. கட்டுரையில் சொன்னபடி சுத்தம் செய்யுங்கள்.

ஆடு, மாடு, குழந்தைகளுக்குப் பார்வோ வருமா?

நாய்ப் பார்வோ ஆடு, மாடு, மனிதர்களுக்கு வராது. பூனைகளுக்கு வரக்கூடும். ஆனால் வெறிநோயும் எலிக்காய்ச்சலும் கால்நடைகளுக்கும் மனிதர்களுக்கும் வரும். நோயின் பெயரைத் தெரிந்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

வீட்டில் இருக்கும் பெரிய நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் இடம் சுத்தம்தானே?

அதற்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்றுதான் பொருள். அதன் முடியிலும் காலிலும் கிருமி ஒட்டியிருக்கும். புதுக் குட்டி வருவதற்கு முன் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். அதற்கும் இந்த ஆண்டு ஊசியைப் போட்டுவிடுங்கள்.

என்ன நோயில் இறந்தது என்றே தெரியவில்லை. எத்தனை நாள் பொறுப்பது?

தெரியாதபோது பார்வோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு பொறுங்கள் அல்லது தவணை முடிந்த குட்டியைக் கொண்டு வாருங்கள். கூடவே, சுவர் வெடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். எலி மருந்தோ பூச்சிமருந்தோ வைத்த இடம் பக்கத்தில் இருந்ததா என்றும் யோசியுங்கள். விஷம் தின்ற நாய்க்கும் ரத்தமாகக் கழியும். இறப்பதற்கு முன் அந்த நாய் யாரையாவது கடித்திருந்தால், காரணம் தெரியட்டும் என்று காத்திருக்காமல், இன்றைக்கே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.